அமெரிக்கக் கிராமத்துல முதல்ல ஏர் பூட்டினது யாரு? தேடிக் கண்டுபிடிக்கிற வழி

நெப்ராஸ்கா, கான்சாஸ் பக்கம் ஒரு குட்டி விவசாய ஊரு எப்படி உருவாச்சுன்னு தேடணும்னா எடுத்தவுடனே குடும்பக் கதைகள்ல இறங்கிடாதீங்க, மொதல்ல நிலப் பதிவுகளைப் பிடிங்க. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருத்தருக்கு அரசாங்க நிலம் 160 ஏக்கர் வரைக்கும் கிடைச்சுது, ஆனா அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து பயிர் வச்சு காட்டினாதான் பட்டா கொடுத்தாங்க.

அந்தப் பட்டாக்களை (அங்க பேட்டன்ட்னு சொல்லுவாங்க) ஜெனரல் லேண்ட் ஆபீஸ் (அந்தக் காலத்து அரசாங்க நில அலுவலகம்) ரெக்கார்ட்ஸ் வெப்சைட்ல ஃப்ரீயாவே பாக்கலாம். டவுன்ஷிப் நம்பர், ரேஞ்ச் நம்பர் (டவுன்ஷிப் கிழக்கு-மேற்குல எங்க இருக்குன்னு காட்டுறது) போட்டுத் தேடுங்க. ஒரு டவுன்ஷிப்னா 6 மைலுக்கு 6 மைல், அதுக்குள்ள 36 செக்‌ஷன், ஒவ்வொண்ணும் 640 ஏக்கர். ஒரு தாள்ல 36 கட்டம் போட்டு பேரை எழுதிட்டே வாங்க. நம்பர் வடகிழக்கு மூலைல ஆரம்பிச்சு ஏர் உழுற மாதிரி போய்த் திரும்பி வரும், இதுல குழம்பாதவங்க கிடையாது. 16, 36 காலியா இருந்தா பதறாதீங்க, அது பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினது.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, பட்டா தேதியை ஊருக்கு வந்த தேதின்னு எழுதிடுறாங்க. ஆளு அதுக்கும் பல வருஷம் முன்னாடியே வந்திருப்பாரு.

அசல் புதையல் வாஷிங்டன்ல தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கிற கேஸ் ஃபைல்தான், அதாவது ஒவ்வொருத்தர் நில விண்ணப்பத்துக்கும் சேர்த்து வச்ச பேப்பர் கட்டு. காசு கட்டினா காப்பி அனுப்புவாங்க. எப்போ குடிவந்தாரு, வீடு எவ்வளவு பெருசு, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதாரு, வெளிநாட்டுல இருந்து வந்தவர்னா குடியுரிமை பேப்பர்னு எல்லாம் அதுல இருக்கும், கூடவே ரெண்டு சாட்சி. அந்த சாட்சிங்க பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரங்க, நாலஞ்சு ஃபைல்ல ஒரே பேருங்க மாறி மாறி சாட்சி சொல்லியிருந்தா ஒரு கூட்டமா ஒட்டி வாழ்ந்திருக்காங்கன்னு புரிஞ்சிடும்.

தாக்குப்பிடிக்காம பாதியில போனவங்க பட்டா லிஸ்ட்ல வரவே மாட்டாங்க, அவங்களுக்கு டிராக்ட் புக் (எந்த நிலத்துக்கு யார் யார் விண்ணப்பிச்சாங்கன்னு எழுதி வச்ச பதிவேடு) பாக்கணும். 1890 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க, 1921ல தீ பிடிச்சு நிறைய கெட்டுப் போச்சு, மிச்சத்தையும் அப்புறம் அழிச்சுட்டாங்க, இப்போ கிட்டத்தட்ட எதுவும் இல்ல. நெப்ராஸ்காவுக்கு 1885 மாநில சென்சஸ் இருக்கு, அதுல விவசாயக் கணக்கும் சேர்த்தே வரும்.

இன்னொண்ணு, இவங்களை எல்லாம் "முதல் குடிகள்"னு எழுதாதீங்க. நெப்ராஸ்காவுல பானி, ஒமாஹான்னு பூர்வகுடி ஜனங்க அதுக்கு முன்னாடியே மக்காச்சோளம் போட்டுட்டு இருந்தவங்க. முன்னாடி சொன்ன லேண்ட் ஆபீஸ் வெப்சைட்ல சர்வேயர் வரைபடமும் இருக்கு, பழைய பாதை எல்லாம் சில சமயம் அதுல கோடு போட்டிருக்கும், அதையும் கட்டத்துல குறிச்சுக்கங்க.