விளக்கு துலக்கும்போது வந்த கேள்வி: 'பாலிஷ்' எங்கிருந்து வந்தது?

காவடிக்கு முந்தைய வாரம் மொரீஷியஸில் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு புளி பூசிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். இந்த வருஷம் கூடவே தேய்த்த மகள், "அப்பா, இதுவும் பாலிஷ், ஷூவுக்குப் போடுவதும் பாலிஷா?" என்று கேட்டாள். விடை தேடிய வழியை அப்படியே சொல்கிறேன். எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வழிதான்.

படி 1: அகராதியை இப்போதே திறக்காதீர்கள். அந்தச் சொல் வரும் இடங்களை எழுதி, எதிரே தமிழில் என்ன சொல்வோம் என்று குறியுங்கள். விளக்கு என்றால் துலக்குகிறோம். அரிசியைத் தீட்டுகிறோம். கட்டுரைக்கு மெருகேற்றுகிறோம். ஆளைப் பற்றிச் சொன்னால் பண்பட்டவர். சோற்றை 'பாலிஷ் ஆஃப்' செய்தால் ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாயிற்று. ஷூவுக்கும் நகத்துக்கும் பூசுவதை மட்டும் நாமும் பாலிஷ் என்றே சொல்கிறோம்.

படி 2: வேரைப் பாருங்கள். லத்தீனில் 'போலீரே' என்றால் தேய்த்து வழவழப்பாக்குவது. அதுவே பிரெஞ்சில் 'போலீர்' ஆனது. 1300-களில் ஆங்கிலத்திலும் புழங்கியது. சரி, கடைசியில் 'ஷ்' எப்படி ஒட்டியது? இங்கே பள்ளியில் பிரெஞ்சுப் பாடத்தில் 'நூ ஃபினிசோன்' (நாங்கள் முடிக்கிறோம்) என்று மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? 'ஃபினீர்' (முடிப்பது) போன்ற வினைகளில் நடுவே ஒரு 'இஸ்' முளைக்கும். 'நூ போலிசோன்' (நாங்கள் துலக்குகிறோம்) என்பதும் அப்படித்தான். அந்த 'இஸ்' ஆங்கிலத்தில் 'இஷ்' ஆகிவிட்டது. ஃபினிஷ், பனிஷ், பாலிஷ் மூன்றும் ஒரே அச்சு. பிரெஞ்சு இலக்கணம் இப்படிக் கைகொடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

படி 3: உடன்பிறப்புகளைத் தேடுங்கள். 'போலீரே'யின் எச்ச வடிவம் 'பொலீட்டுஸ்'. அதிலிருந்து வந்ததுதான் 'பொலைட்'. பிரெஞ்சிலோ இரண்டுக்கும் ஒரே சொல்: துலக்கிய பித்தளையும் 'போலி', மரியாதை தெரிந்த பிள்ளையும் 'போலி'. அவர்கள் மனிதரைத் தேய்த்தார்கள். நாம் நிலத்தை உழுவதுபோல் பண்படுத்தினோம்.

படி 4: ஓசையை மட்டும் நம்பாதீர்கள். பிரெஞ்சு 'போலி' வேறு, போலி நகை என்கிறபோது வரும் நம் 'போலி' வேறு. போலந்துக்காரரைக் குறிக்கும் 'போலிஷ்' என்ற சொல்லுக்கும் பாலிஷுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகள்தான். முதலெழுத்து மட்டும் பெரியது. ஆனால் அதன் வேர் வயல் என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்.

அப்புறம், பயிற்சிக்கு ஒன்று: 'பர்னிஷ்'. இதற்கும் உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது என்றே பொருள், இதிலும் அதே 'இஷ்'. வேரில் ஒரு நிறம் இருக்கிறது. பழுப்புக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்பதிலிருந்து தொடங்குங்கள்.