சூளைக்கு நாலு பேர் வேண்டும்

மண்வேலை பழக விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது சக்கரத்தைப் பற்றித்தான். எங்கே வாங்கலாம், மோட்டர் பூட்டியது நல்லதா என்று கேட்பார்கள். சக்கரம் மெல்ல வரட்டும், முதலில் சூளைக்கு ஆட்களைத் தேடுங்கள். வனைவதைத் தனியே இருந்து வனையலாம். சூளையைத் தனியே வைக்க ஏலாது. ஒருவருடைய சட்டி இன்னொருவருடைய பானைக்கு மேல்தான் இருக்கும்.

முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் கொட்டிலில் ஐந்து பேர். மூத்தவர் ஒரு பெரியம்மா, சட்டி பானை வனைந்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். மற்ற நாங்கள் பிறகு பழக வந்தவர்கள்.

இப்படி ஓர் இடத்துக்குப் போகும்போது பலகாரம் வேண்டாம், ஒரு சாக்கு மண் கொண்டு போங்கள். ஆவணி, புரட்டாதியில் குளங்கள் வற்றிக் கிடக்கும்போது எடுப்பது சுகம். கமக்காரர் அமைப்பிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மிதிவெடிப் பலகை நிற்கிற பக்கம் எவ்வளவு நல்ல மண் தெரிந்தாலும் போகவே வேண்டாம்.

முதல் கிழமைகளில் மூத்தவருக்குப் பக்கத்தில் இருந்து மண் பிசையுங்கள். கல், வேர் பொறுக்கும்போதுதான் கதை வரும், கதையோடு வேலையும் வரும். எவ்வளவு மணல் போடவேண்டும் என்று நான் கேட்டபோது பெரியம்மா அளவு சொல்லவில்லை. ஒரு பிடி மண்ணைத் தந்து, "திரிச்சு விரலிலை சுத்திப் பார் பிள்ளை" என்றார். பென்சில் தடிப்பில் திரித்துச் சுற்றினேன். வளைவில் வெடித்தது. "இதுக்கு இனி மணல் போடாதை. பசை காணாது" என்றார். அந்தத் திரியை இன்றைக்கும் ஒவ்வொரு சாக்குக்கும் செய்து பார்க்கிறேன்.

ஆளுக்கொரு குளத்து மண் கொண்டுவந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கட்டை செய்து 10 சென்ரிமீற்றர் கோடு கீறிவிடுங்கள். சுட்டபின் அந்தக் கோடு 9 என்று நின்றால் அந்த மண் பத்தில் ஒன்று சுருங்குகிறது. சட்டியை ஒரு மண்ணிலும் மூடியை இன்னொரு மண்ணிலும் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கட்டாயம் வேண்டும். கட்டைகளை எல்லாருக்கும் தெரிகிற மாதிரிக் கொட்டிலில் தொங்கவிடுங்கள்.

சோளகம் வீசும் நாட்களில் ஈரச்சட்டியை வெளியே வைக்காதீர்கள். காற்றுப் பட்ட பக்கம் முதலில் சுருங்கி வாய் கோணும். நிழலில் வைத்து, விளிம்பைச் சாக்கால் மூடுங்கள். மற்றவருடைய சட்டி மூடாமல் கிடந்தால் அதையும் மூடிவிடுங்கள், கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இனிச் சூளை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பிழைவிட்ட இடம் இது. என் முதல் பெரிய பானை அடியில் இரண்டு விரல் தடிப்பு. மேலே வெளிறிப்போய் இருந்ததால் காய்ந்துவிட்டது என்று நினைத்து, ஒருவரிடமும் காட்டாமல் அடுக்கிவிட்டேன். உள்ளே ஈரம் நின்றால், 100 பாகை தாண்டும்போது அது நீராவியாகி வழி தேடும். நெருப்பைக் கூட்டிக் கொஞ்ச நேரத்தில் வெடி கேட்டது. என் பானையோடு பெரியம்மாவின் மூன்று தயிர்ச்சட்டிகளும் போய்விட்டன.

அந்த இரவு முழுக்க அவர் என்னைப் பேசவில்லை. விடிய, இன்னும் சுடாத வேறொரு சட்டியை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். பிறகு தன் கன்னத்தில் வைத்தார். "குளிருதே?" என்றார். குளிர்ந்தது. அப்படியென்றால் உள்ளே இன்னும் ஈரம். இப்போது அடுக்குமுன் ஒவ்வொரு சட்டியையும் செய்தவர் தவிர இன்னொருவர் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறோம். தன் சட்டி என்றால் காய்ந்ததாகவே தோன்றும்.

நெருப்பைச் சின்னதாகத் தொடங்குங்கள். புகைவாய்க்குக் கிட்ட ஒரு கண்ணாடித் துண்டை ஒரு நொடி பிடியுங்கள். மங்கினால் ஈரம் இன்னும் வெளியே வருகிறது, விறகு கூட்டாதீர்கள். இரவுக் காவலைப் பகிரும்போது புதியவரைப் பழகியவரோடு சேர்த்துவிடுங்கள். பிளேன்ரீயும் பனங்கட்டியும் இருந்தால் கேட்கத் தயங்கிய கேள்வியெல்லாம் அந்த நேரத்தில் வரும்.

சூளை பிரிப்பது எல்லாரும் வந்தபின்தான். ஒவ்வொன்றையும் விரலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. உடைந்ததை ஒளிக்காமல் நடுவில் வையுங்கள். குறை சொல்கிறவர் சட்டியைக் கையில் எடுத்து, இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லட்டும். "வடிவில்லை" என்று தூரத்தில் நின்று சொல்வதில் யாரும் ஒன்றும் பழகப் போவதில்லை.

உடைந்த ஓடுகளை எறியாதீர்கள். உரலில் இடித்து அரித்து, பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்தால் சுருக்கம் குறையும். அன்று வெடித்துப்போன அந்த நாலையும் அப்படித்தான் இடித்தோம். எனது எது, பெரியம்மாவினது எது என்று பிரிக்கவில்லை. அடுத்த முறை அவர் வனைந்த தயிர்ச்சட்டிகளில் அந்தத் தூள்தான் இருந்தது.