கொழும்பில் தீபாவளி விருந்து: ஒவ்வாமை உள்ளவர்கள் வந்தால் என்ன செய்வது?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக வந்து, முதல் தீபாவளிக்கே பக்கத்து ஃபிளாட் ஆட்களையும் ஒஃபிஸ் ஆட்களையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டீர்களா? நல்லது. ஆனால் இங்கே ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் நீங்கள் சமைப்பது அல்ல, அவசரத்துக்குக் கடையில் வாங்கிச் சேர்ப்பதுதான்.

முதலில் மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல் மாதிரிக் காயவைத்த சாமான் அது. இடித்துப் போட்டால் கண்ணுக்கே தெரியாது. கடையில் விற்கும் சீனிச் சம்பலிலும் (வெங்காயத்தைச் சீனி போட்டு வதக்கியது) கட்டைச் சம்பலிலும் (மிளகாயும் வெங்காயமும் இடித்தது) அநேகமாக இருக்கும், சிலர் பருப்புக் கறிக்கும் மரக்கறிக்கும்கூடப் போடுவார்கள், அதனால் மீன் ஒத்துக்கொள்ளாதவர் வருகிறார் என்றால் கட்டைச் சம்பலை மாசி போடாமல் வீட்டிலேயே இடித்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. வடையும் அப்படித்தான்: கடையில் இறால் வடை பொரித்த எண்ணெயிலேயே உளுந்து வடையும் பொரிபடலாம். மிக்சரில் கச்சான், அதாவது நிலக்கடலை, இருக்கும். அதைத் தட்டில் வைக்காமல் விட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

தேங்காய்ப்பால் மா, அதாவது தேங்காய்ப்பால் பவுடர், வாங்கினால் அதன் உறையையும் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள், அது பாலில் இருந்து எடுத்த புரதம். பால் அலர்ஜி உள்ளவருக்கு நெய், பால் இல்லாமல் பார்த்துப் பார்த்துச் சமைத்துவிட்டு இந்த மாவைக் கரைத்து ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். தேங்காய் திருவிப் பிழியுங்கள். அந்த முதற்பாலில் சவ்வரிசியும் கித்துள் (கூந்தல்பனை) கருப்பட்டியும் போட்டுப் பாயாசம் வைத்தால் பசும்பால் பாயாசத்தை யாரும் தேட மாட்டார்கள். கஜுவை, அதாவது முந்திரியை, வறுத்துத் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு வையுங்கள். கோதுமை ஆகாதவருக்கு ரசத்தில் பெருங்காயத்தூளைத் தவிருங்கள், பல கம்பனிகள் அதில் கோதுமை மா கலக்கின்றன.

ஒருவருக்கு மட்டும் தனிச் சட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, கரண்டி மாறினால் எல்லாம் போச்சு. எல்லாரும் சாப்பிடக்கூடியதாகவே சமைத்துவிடுங்கள். கூப்பிடும்போதே, சாப்பிட்டால் வயிறு மட்டும் பிசையுமா, இல்லை உதடு வீங்கி மூச்சு முட்டுமா என்றும் கேளுங்கள். இங்கே பலர் வெட்கப்பட்டு, "கொஞ்சம் சாப்பிடலாம், பரவாயில்லை" என்பார்கள். நம்ப வேண்டாம்.

யாருக்காவது மூச்சு முட்டினால் அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அதற்குத் தேவை அட்ரினலின் ஊசி. அவரே கையோடு கொண்டுவந்திருந்தால் உடனே போடச் சொல்லுங்கள். ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கொழும்பு வெள்ளவத்தை மாதிரி இடத்தில் ஒழுங்கைக்குள் (சந்துக்குள்) ஃபிளாட் என்றால் ஒருவரைக் கீழே கேட்டடிக்கு அனுப்பிவையுங்கள்.