ஒழுங்கையை வரைதல்: கதியால்களின் இடைவெளியைக் கேத்திரகணிதத்தால் கண்டறியும் முறை

யாழ்ப்பாணத்தில் சித்திரம் பயிலத் தொடங்கும் எவரும் ஒரு நாள் ஒழுங்கை ஒன்றை வரைந்தே தீருவர். இரு புறமும் கிடுகு வேலி, நடுவே மணற்பாதை, தொலைவில் ஒரு பனங்கூடல். வேலியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தூரத்தில் ஒரு புள்ளியில் கூட வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் ஒரே சீரான இடைவெளியில் நாட்டப்பட்ட கதியால்கள், அதாவது வேலியைத் தாங்கும் மரத்தடிகள், படத்தில் எவ்வாறு நெருங்கிச் செல்ல வேண்டும் என்று கேட்டால், கண்ணால் பார்த்துப் போட்டுவிடலாம் என்ற விடையே வருகிறது. கண் பிழைவிடுவது அந்த இடத்தில்தான். அதைத் திருத்துவதற்குப் புதிய கணிதம் எதுவும் தேவையில்லை. இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமக்கூறிடும் என்று பாடசாலையில் நிறுவிய தேற்றம் ஒன்றே போதுமானது.

முதலில் கண்மட்டக் கோட்டைத் தீர்மானிக்க வேண்டும். இக்கோடு என்னவென்று புரிந்துகொள்ளக் கடற்கரையைவிடச் சிறந்த இடமில்லை. பருத்தித்துறையில் திறந்த கடலைப் பார்த்து நின்றால் அடிவானம் கண்ணுக்கு நேரே இருக்கும். மணலில் அமர்ந்தால் அதுவும் கூடவே இறங்கிவிட்டது போலிருக்கும். கலங்கரை விளக்கத்தில் ஏறினாலும் கண்ணுடனேயே ஏறிவரும். சம உயரமுள்ள இருவரில் ஒருவர் பத்து அடி தொலைவிலும் மற்றவர் நூறு அடி தொலைவிலும் நிற்க, அவர்களுடைய உயரமே உள்ள ஒருவர் தானும் நின்றபடி பார்த்தால், இருவரின் கண்களும் அடிவானத்தின் மீதே அமைந்திருக்கும். தூரத்தில் நிற்பவரின் பாதம் மேலே ஏறுமேயன்றிக் கண் கீழே இறங்காது. ஒழுங்கையில் வேலியும் பனங்கூடலும் அடிவானத்தை மறைத்திருப்பதால் அந்தக் கோட்டை நாமே தாளில் கீறிக்கொள்கிறோம்.

ஏ4 தாளைக் கிடையாக வைத்து, அடியிலிருந்து 11 சென்ரிமீற்றர் உயரத்தில் கண்மட்டக் கோட்டை மெல்லியதாகக் கீறுங்கள். இடது விளிம்பிலிருந்து 13 சென்ரிமீற்றரில் அக்கோட்டின் மீது ஒரு புள்ளியை இடுங்கள். வேலியின் விளிம்புகள் தூரத்தில் கூடும் இப்புள்ளியே மறைபுள்ளி. அதிலிருந்து இடப்புறமாக 12 சென்ரிமீற்றர் தள்ளி முதலாவது கதியாலை நிறுத்துங்கள். அதன் உயரமும் 12 சென்ரிமீற்றராக இருக்கட்டும், கோட்டுக்கு மேலே 3, கீழே 9. வேலி 2 மீற்றர் உயரமென்றும் பார்ப்பவரின் கண் தரையிலிருந்து 1.5 மீற்றரில் இருக்கிறதென்றும் இதற்குப் பொருள். கதியாலின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் மறைபுள்ளிக்குக் கோடுகளை இழுத்தால் வேலியின் இரு விளிம்புகளும் கிடைத்துவிடும்.

இரண்டாவது கதியாலின் இடத்தை நீங்களே தெரிவு செய்யலாம்; அந்த ஓர் இடத்தில் மட்டுமே சுதந்திரம். மறைபுள்ளியிலிருந்து 8 சென்ரிமீற்றரில் அதை நாட்டியதாகக் கொள்வோம். இப்போது முதலாவது கதியாலின் நடுப்புள்ளியிலிருந்து மறைபுள்ளிக்கு மூன்றாவது கோடு ஒன்றை இழுங்கள். இரண்டாவது கதியாலை இக்கோடு வெட்டும் இடமே அதன் நடுப்புள்ளி. முதலாவது கதியாலின் உச்சியில் அடிமட்டத்தைப் பிடித்து, இரண்டாவதன் நடுப்புள்ளியினூடாகக் கோட்டை நீட்டினால், அது வேலியின் கீழ்விளிம்பைத் தொடும் இடத்தில் மூன்றாவது கதியால் வந்து நிற்கும். இரண்டாவதன் உச்சியிலிருந்து மூன்றாவதன் நடுப்புள்ளியினூடாகச் சென்றால் நான்காவது கிடைக்கும், எஞ்சியவையும் அவ்வாறே.

காரணம் எளியது. முதலாவது கதியாலும் மூன்றாவது கதியாலும் நிஜத்தில் ஒரு செவ்வகத்தின் இரு பக்கங்கள். அச்செவ்வகத்தின் மூலைவிட்டம் அதன் மையத்தினூடாகச் செல்கிறது. சம இடைவெளியில் நாட்டிய இரண்டாவது கதியாலின் நடுப்புள்ளியே அந்த மையம். தூரத்தால் உருவம் குறுகினாலும் நேர்கோடு நேர்கோடாகவே இருப்பதால், நிஜத்தில் மையத்தினூடாகச் சென்ற மூலைவிட்டம் தாளிலும் அதே புள்ளியினூடாகச் செல்கிறது.

வரைந்ததை அளந்து பாருங்கள். மறைபுள்ளியிலிருந்து ஐந்து கதியால்களின் தூரங்கள் 12, 8, 6, 4.8, 4 சென்ரிமீற்றர் என வரும். 24ஐ முறையே 2, 3, 4, 5, 6 ஆகியவற்றால் வகுத்தால் கிடைப்பவை இவை. நாம் எடுத்துக்கொண்ட அளவின்படி உயரங்களும் இதே எண்கள்தாம். இடைவெளிகளோ 4, 2, 1.2, 0.8 எனக் குறைகின்றன.

முதல் இரண்டு இடைவெளிகளைக் கண்டவுடன் ‘ஒவ்வொன்றும் முன்னதில் பாதி’ என்று முடிவு செய்துவிடுவது மிகப் பரவலான பிழை. நானும் பல காலம் அப்படித்தான் வரைந்தேன்; வேலி ஏன் தூரத்தில் சுருண்டு படுத்துவிடுகிறது என்று விளங்கவில்லை. கணக்குப் பார்த்தால் விளங்கும். 4, 2, 1, 0.5 என்று எத்தனை கதியால்களை நாட்டினாலும் இடைவெளிகளின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டாது. முதலாவது கதியால் நிற்பதோ மறைபுள்ளியிலிருந்து 12 சென்ரிமீற்றரில். ஆகவே எண்ணற்ற கதியால்களை நாட்டி முடித்த பின்னும் வேலி மறைபுள்ளிக்கு 4 சென்ரிமீற்றர் இப்பால் நின்றுவிடும். சரியான தொடரில் அவ்வாறு நிகழாது. கதியால்கள் கூடக் கூட அவை மறைபுள்ளியை நெருங்கிக்கொண்டே இருக்கும்.

வலப்புற வேலிக்கும் அதே மறைபுள்ளிதான். ஒழுங்கையின் நட்டநடுவில் நிற்பதாக வரைந்தால் படம் விறைத்துப்போகும் என்பது என் எண்ணம். ஆகையால் அதன் முதலாவது கதியாலை மறைபுள்ளிக்கு 9 சென்ரிமீற்றர் வலமாக, அதே உயரத்தில் வைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் ஒரு சோதனை: எந்தக் கதியாலை எடுத்தாலும், கண்மட்டக் கோட்டுக்குக் கீழுள்ள பகுதி மேலுள்ள பகுதியைப் போல மும்மடங்காக இருக்க வேண்டும்.

பெரிய தாளில் மறைபுள்ளிக்குக் கோடு இழுக்க அடிமட்டம் எட்டாது. அப்புள்ளியில் ஒரு குண்டூசியைக் குத்தி, நூலைக் கட்டி இழுத்துப் பிடித்தால் போதும். மிலான் நகரில் லியனார்டோ டா வின்சி 1495க்கும் 1498க்கும் இடையில் வரைந்த இறுதி இராவுணவுச் சுவரோவியத்தில், கூரை வரிகளும் பக்கச் சுவர்களும் கூடும் இடமான கிறிஸ்துவின் நெற்றிப்பொட்டருகே ஆணித்துளை ஒன்று இருக்கிறது. அவருக்குமுன் புளோரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி செய்துகாட்டிய இந்த மறைபுள்ளி முறையை, அறிஞர் அல்பெர்ட்டி 1435இல் எழுத்தில் வகுத்திருந்தார். இது ஓவியத்தின் ஒரே இலக்கணம் அன்று. நம் கோயில் ஓவியங்களில் முருகன் பெரிதாகவும் அடியார் சிறிதாகவும் இருப்பது தூரத்தால் அன்று, தகுதியால். அங்கே மறைபுள்ளியைத் தேடுவது வீண்.

கோபுரத்தை வரைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தெற்கு வாயிலிலுள்ள ஒன்பது தளக் கோபுரம் மேலே செல்லச் செல்ல ஒடுங்குவது சிற்பியின் வேலை. தூரம் செய்த வேலை அன்று. அந்த ஒடுக்கத்தை மறைபுள்ளியின் விளைவென்று எண்ணி மேலும் ஒடுக்கினால் கோபுரம் கூம்பாகிவிடும். நடு அச்சைச் செங்குத்தாகக் கீறி, ஒவ்வொரு தளத்தின் அகலத்தையும் கையை நீட்டிப் பென்சிலால் அளந்து, அச்சின் இருபுறமும் சமமாகப் பகிர்வதே பாதுகாப்பானது.

ஒழுங்கையோரத்துக் கிணற்றை வரையும்போது, முதலில் மேற்கூறிய முறையில் ஒரு சதுரத்தைத் தரையில் கிடத்தி, மூலைவிட்டங்களால் அதன் மையத்தைக் கண்டு, அதனுள் நீள்வட்டத்தை அடக்குங்கள். நீள்வட்டம் மிக அகன்றிருக்கும் கோடு, கிணற்றின் உண்மையான மையத்தினூடாகச் செல்லாமல் சற்று நம் பக்கமாக விழும். அதைப் பிழையென்று எண்ணித் திருத்திவிட வேண்டாம்.

எலும்புக்கூடு சரியானபின் அதைச் சற்றுக் குலைக்க வேண்டும். கிளுவையும் பூவரசும் அளவுகோல்போல் நிமிர்ந்து நிற்பவையல்ல. ஒன்று சாயும், ஒன்று தளிர்த்து வேலிக்கு மேலே கிளைவிடும், வரிச்சு ஓரிடத்தில் தொய்யும், கிடுகு ஒரு பொட்டில் பிய்ந்திருக்கும். கதியாலின் அடி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால், உச்சி எப்படிச் சாய்ந்தாலும் வேலி தரையில் ஊன்றி நிற்கும். கிடுகின் பின்னலை முதல் இரண்டு இடைவெளிகளில் மட்டும் விரிவாகக் காட்டுங்கள். மூன்றாவதில் சில கீறல்கள் போதும், அதற்கப்பால் வெறும் நிழல். மூலைவிட்டங்களை அழிறப்பரால் முதலில் அழித்துவிடலாம். கண்மட்டக் கோட்டை மட்டும், ஒழுங்கையில் சைக்கிளில் வருபவரையும் படலையடியில் நிற்பவரையும் வரைந்து முடிக்கும்வரை விட்டுவையுங்கள். அவர்களின் தலைகளை நிறுத்த அது இன்னும் தேவைப்படும்.