கன்னியாகுமரி டூ ஸ்ரீநகர்: காரில் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் ஒரே சாலை இணைக்கிறது: தேசிய நெடுஞ்சாலை 44. நீளம் 3,700 கிலோமீட்டருக்கு மேல். பழைய நெடுஞ்சாலைகள் ஏழைக் கோத்து 2010-ல் ஒரே எண் கொடுத்தார்கள். எண் ஒன்று என்பதால் ஊரும் ஒன்றுபோலவே இருக்கும் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான் வழியில் திணறுகிறார்கள்.

முதல் தவறு, மாதம் பார்க்காமல் கிளம்புவது. பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதம் போனால் அடிலாபாத், நாக்பூர், ஜான்சி என்று வழிநெடுக 45 டிகிரியை ஒட்டிய வெயில். அதற்குப் பயந்து டிசம்பர் கடைசிக்குத் தள்ளினால் ஆக்ராவிலிருந்து லூதியானா வரை மூடுபனி. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கே பக்கத்தில் போன பிறகுதான் தெரியும். பின்விளக்கே இல்லாத கரும்பு டிராக்டரும் அதே பாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும். நம் ஊர் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு ‘அஞ்சு மணிக்கே கிளம்பிடலாம்’ என்பது அங்கே எடுபடாது. வெயில் ஏறும்வரை தூங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஜம்முவுக்கு மேலே மண்சரிவு. என் ஓட்டு அக்டோபர் முதல் பாதிக்கு. பஞ்சாபில் நெல் அறுத்த தாளைக் கொளுத்தும் புகை அடர்வதற்குள் தாண்டிவிடலாம்.

அக்டோபர் என்றதும் நவராத்திரி வரும். நமக்குக் கொலுவும் சுண்டலும். வடக்கே பலருக்கு விரதம். அந்த நாட்களில் வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைக்கும் தாபாக்கள் உண்டு. கறி கிடைக்கவில்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மஹாலுக்கு விடுமுறை. ரமலானில் காஷ்மீரில் பகல் சாப்பாட்டுக்குக் கடை தேட வேண்டியிருக்கும். அமர்நாத் யாத்திரை நடக்கும்போது மலைப்பாதையில் யாத்திரை வண்டிகளுக்குத்தான் முதல் வழி. தேதி குறிக்கும் முன் நம் வீட்டுக் காலண்டரை மட்டும் பார்த்தால் போதாது.

சாப்பாட்டில் இன்னொரு சிக்கல். தெலங்கானா வரை ‘மீல்ஸ்’ போர்டு கண்ணில் படும். நாக்பூருக்கு மேலே ரொட்டிதான் ராஜா, சோறு பிளேட் கணக்கு. தயிர்சாதம் தேடி ஊர் ஊராக வண்டியை நிறுத்தினால் பொழுதுதான் போகும். நாக்பூரின் சாவ்ஜி கறியை ராத்திரி தங்கும் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரத்தை மதியம் இறக்கிவிட்டு ஸ்டீயரிங் பிடிப்பது கஷ்டம். டெல்லி தாண்டி முர்த்தலில் பராத்தா மேல் வெண்ணெயைக் கட்டியாக வைப்பார்கள். ஆளுக்கு ஒன்றில் ஆரம்பியுங்கள்.

பஞ்சாபில் சீக்கியர் கோயிலான குருத்வாராவுக்குள் போனால் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தலையைத் துணியால் மூட வேண்டும். தொப்பி ஆகாது. லங்கர் என்ற இலவசப் பொதுப் பந்தியில் எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள். ரொட்டி வரும்போது இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். தட்டை நீட்டுவதோ ஒரு கையால் பிடுங்குவதோ மரியாதை இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், மிச்சம் வைக்காதீர்கள். ‘பில் எவ்வளவு’ என்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். மனமிருந்தால் உண்டியல் இருக்கிறது, பாத்திரம் கழுவவும் இடம் இருக்கிறது.

நாலு வழிச்சாலை என்று ஒரே நாளில் 800 கிலோமீட்டர் போடுவது வீண் வீராப்பு. அப்படி ஓட்டுகிறவர்கள் ஆந்திரத்தின் லேபாக்ஷி கோயிலையும் ஜான்சி பக்கத்து ஓர்ச்சா கோட்டையையும் பார்க்காமலேயே கடந்துபோகிறார்கள். இரண்டும் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்ச தூரம்தான். இருட்டிய பிறகு மத்தியப் பிரதேசத்தில் நடுரோட்டில் மாடு படுத்திருக்கும்.

கடைசித் துண்டுதான் ஏமாற்றும். 2017-ல் செனானி–நாஷ்ரி சுரங்கம், 2021-ல் பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் வந்தபின் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் எளிதாகிவிட்டது என்பார்கள். இரண்டு சுரங்கத்துக்கும் இடையில் ராம்பன் மலைப்பகுதி இருக்கிறது. மழை பிடித்தால் மலை கல்லை உருட்டும், பாதையை மூடிவிடுவார்கள். போக்குவரத்து போலீஸ் அறிவிப்பை அன்றன்று பாருங்கள், ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். வழியில் டி.என். 28, டி.என். 52 போட்ட நாமக்கல், சங்ககிரி லாரி நின்றால் இறங்கி, ‘அண்ணா, மேல ரோடு எப்படி?’ என்று கேளுங்கள். கூகுள் மேப்புக்குத் தெரியாததும் அவருக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஃபாஸ்டேக் எல்லாம் சொல்லாமலே எடுத்துக்கொள்வீர்கள். மறந்துபோவது சிம் கார்டு. வெளிமாநில ப்ரீபெய்டு எண் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டுக் கிளம்புங்கள்.