ஹெட்ஸ்-அப்பில் குறைந்த ஸ்டேக்குடன் ஆடுவது எப்படி

போக்கர் டோர்னமென்ட்டில் இருவர் மட்டும் எஞ்சியிருக்க (இதுவே ஹெட்ஸ்-அப்), பத்து பிக் பிளைண்டுக்கும் (சீட்டுப் பார்க்குமுன் போட வேண்டிய இரு கட்டாயப் பந்தயங்களில் பெரியது) குறைவான சிப் வைத்திருப்பவர் பெரும்பாலும் செய்யும் பிழை, நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பதுதான். மூவர் இருந்தவரை அந்தப் பொறுமைக்குப் பொருள் இருந்தது. வேறொருவர் முதலில் வெளியேறினால் பரிசு ஒரு படி உயரும். இருவரானதும் இரண்டாம் பரிசு உறுதியாகிவிடுகிறது. அதன்பின் காத்திருந்தால் பிளைண்ட் கரைவது மட்டுமே மிச்சம்.

முதலில் பார்க்க வேண்டியது இருவரில் எவருடைய ஸ்டேக் (கையிலுள்ள மொத்த சிப்) சிறியது என்பதை. எதிராளியிடம் 60 பிக் பிளைண்ட் இருந்தாலும், உங்களிடம் 8 இருந்தால் இருவரும் ஆடுவது 8 பிளைண்ட் ஆட்டமே.

ஹெட்ஸ்-அப்பில் பட்டனில் (டீலர் இடத்தில்) இருப்பவரே ஸ்மால் பிளைண்ட் (இரண்டில் சிறியது) போட்டு, பிளாப்புக்கு (முதல் மூன்று பொதுச்சீட்டுகளுக்கு) முன் முதலில் முடிவெடுக்கிறார். பிளைண்ட் 1,000/2,000, ஆன்டி (எல்லோரும் போடும் கூடுதல் கட்டாயத் தொகை) இல்லை, உங்களிடம் 16,000, கையில் வெவ்வேறு சூட்டில் கிங்கும் நான்கும் என்று கொள்வோம். ஃபோல்ட் செய்தால் (கையைக் கைவிட்டால்), ஸ்மால் பிளைண்ட் போக 15,000 மிஞ்சும். ஆல்-இன் போய் (எல்லா சிப்பையும் பந்தயம் வைத்து) எதிராளி ஃபோல்ட் செய்தால் 18,000 ஆகும். அவர் ஏஸ்-ஒன்பதுடன் கால் செய்தாலும் (பந்தயத்தை ஏற்றாலும்), மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வெற்றி வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. ஆகவே தயங்காமல் ஆல்-இன் போக வேண்டிய கை இது. நாஷ் சமநிலைக் கணக்குப்படி (இருவரும் பிழையின்றி ஆடினால் என்ற கணக்கு) 10 பிளைண்டில் பட்டனில் இருப்பவர் ஏறத்தாழ 58% கைகளுடன் ஆல்-இன் போகலாம். எந்த ஏஸும், எந்த ஜோடியும், எந்தக் கிங்கும் அதில் அடங்கும். முதன்முறை அந்த அட்டவணையைப் பார்ப்பவருக்கு அச்சுப்பிழையோ என்றுகூடத் தோன்றும்.

பிக் பிளைண்டில் அமர்ந்து ஆல்-இன்னை எதிர்கொள்ளும்போது நிலைமை வேறு. ஃபோல்ட் செய்யவைத்து வெல்லும் வழி உங்களுக்கு இல்லை, சீட்டுதான் வெல்ல வேண்டும். அதே 16,000 ஸ்டேக்கில், 18,000 உள்ள பாட்டுக்காக (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகைக்காக) நீங்கள் 14,000 போட வேண்டியிருப்பதால், சுமார் 44% வெற்றி வாய்ப்பு இருந்தால்தான் கால் செய்வது கட்டுப்படியாகும். 10 பிளைண்டில் சமநிலைக் கணக்கு ஏறத்தாழ 37% கைகளுடன் கால் செய்யச் சொல்கிறது. ஆனால் ஆல்-இன்னே போகாத கஞ்சத்தனமான எதிராளி திடீரென்று போனால், பலவீனமான ஏஸைக்கூடக் கீழே வைத்துவிடலாம்.

ஆல்-இன்னில் ஒருமுறை வென்று ஸ்டேக் 16 பிளைண்டாக இரட்டித்துவிட்டால், எல்லாக் கையையும் ஆல்-இன்னாக்கும் பழக்கத்தை உடனே நிறுத்தி, பட்டனிலிருந்து பந்தயத்தை இரண்டு பிளைண்டாக உயர்த்தும் ரெய்ஸுக்குத் திரும்புவது நல்லது.