பழுதுபார்த்து வந்த கேசட் டெக் சரியாகப் பதியவில்லை என்றால்

பழுதுபார்க்கக் கொடுத்த கேசட் டெக் வீடு திரும்பியதும் நாம் முதலில் செய்வது, கைக்குக் கிடைத்த பழைய கேசட் ஒன்றைப் போட்டுக் கேட்பதுதான். பாட்டு ஓடுகிறது, மெக்கானிக்குக்குப் பணமும் கொடுத்தாகிவிட்டது. பதிவு செய்து பார்க்கும் எண்ணம் பத்து நாள் கழித்துத்தான் வருகிறது. அன்றைக்குப் பதிந்ததைப் போட்டுக் கேட்டால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கியிருக்கும், அல்லது ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசும், அல்லது முன்பிருந்த பாட்டு அழியாமல் புதிய குரலுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். உடனே டெக்கைத் திறந்து கண்ணில் பட்ட திருகையெல்லாம் திருப்பத் தோன்றும். தயவுசெய்து திருப்ப வேண்டாம். பழுது நீக்கிய கையோடு தோன்றும் கோளாறு பெரும்பாலும் அந்தக் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். எந்த இடம் என்பதைத் திருப்புளி எடுக்காமலேயே, கேசட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, முக்கால்வாசி கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு வேண்டியவை அதிகமில்லை. நிறுவனம் பதிவுசெய்து விற்ற கேசட் ஒன்று, நல்ல நிலையிலுள்ள சாதாரண வகை வெற்றுக் கேசட் ஒன்று, ஒழுங்காக ஓடும் வேறொரு டெக் அல்லது வாக்மேன், ஒரு ஹெட்போன். கணினியில் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் இருந்தால் இன்னும் நல்லது. திருமணப் பதிவு, மறைந்தவர் குரல், கச்சேரி நாடா என்று மறுபடி கிடைக்காத எதையும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது. நாடாவைப் பிடித்து ஓட்டும் ரோலரின் அழுத்தம் சரியாக அமையாத டெக் ஒரு நாடாவைச் சுருட்டி விழுங்க இரண்டு நொடி போதும். நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் எல்லாச் சோதனைகளிலும் அணைந்தே இருக்கட்டும். டால்பியோடு பதிந்து டால்பி இல்லாமல் கேட்டாலோ, அதன் அளவு மட்டம் தவறியிருந்தாலோ உச்ச ஒலிகளின் அளவு மாறிவிடும். இல்லாத கோளாறு இருப்பதுபோலத் தோன்றும்.

பதிவுப் பொத்தானே அமுங்கவில்லை என்றால் கேசட்டின் பின்விளிம்பைப் பாருங்கள். தவறிப் பதிந்துவிடாமல் தடுக்கும் சிறு பிளாஸ்டிக் தகடு உடைக்கப்பட்டிருந்தால் டெக் பதிய மறுக்கும். ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் போதும். (குரோம் வகைக் கேசட்டில் அதையொட்டி இன்னொரு பள்ளம் இருக்கும். அது நாடாவின் வகையை டெக்குக்குச் சொல்வது. அதை மூடிவிடக் கூடாது.) தகடு சரியாக இருந்தும் பொத்தான் அமுங்காவிட்டால், அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்க்கும் நெம்புகோல் மூடியைக் கழற்றி மாட்டும்போது வளைந்திருக்கலாம், அல்லது அதன் ஸ்பிரிங் கழன்றிருக்கலாம்.

நான்கு முறை கேட்டல்

முதலில் நிறுவனக் கேசட்டை நம் டெக்கில் கேட்க வேண்டும். இரண்டாவதாக, வெற்றுக் கேசட்டில் இரண்டு நிமிடம் பதிந்து அதை நம் டெக்கிலேயே கேட்க வேண்டும். மூன்றாவதாக, அதே பதிவை வேறு டெக்கில் கேட்க வேண்டும். கடைசியாக, நிறுவனக் கேசட்டை அந்த வேறு டெக்கில் போட்டு, கேசட்டே மங்கலானதில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பதிவதற்குப் பேச்சை மட்டும் எடுக்காமல், ஜால்ராவும் மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கும் ஏதாவதொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உச்ச ஒலி போயிற்றா என்பதை ஜால்ராவைப் போலத் தெளிவாக எதுவும் காட்டிக்கொடுக்காது.

நிறுவனக் கேசட் மங்கலாகவும், நாம் பதிந்தது நம் டெக்கில் தெளிவாகவும், அதே பதிவு வேறு டெக்கில் மங்கலாகவும் கேட்டால், நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியவும் படிக்கவும் செய்யும் ஹெட்டின் சாய்வு தவறியிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஹெட் மாற்றிய டெக்குகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். ஹெட்டின் முகத்திலுள்ள மெல்லிய இடைவெளி, நாடா ஓடும் திசைக்குச் சரியாக 90 பாகையில் நிற்க வேண்டும். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதால், 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை நாடாவில் 4.76 மைக்ரோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு தடத்தின் அகலம் சுமார் 0.6 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், அரைப் பாகைக்கும் குறைவான சாய்வே அந்த ஒலியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். பெரும்பாலான டெக்குகளில் பதிவதும் படிப்பதும் ஒரே ஹெட்தான் என்பதால், கோணலாகப் பதிந்ததை அதே கோணலில் படிக்கும்போது குறை தெரிவதில்லை. பட்டறையில் ‘பதிந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது’ என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. அவர் வேறொரு டெக்கில் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஹெட்டின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் ஸ்பிரிங் வைத்த சிறு திருகு இருக்கும். அதுதான் சாய்வைச் சரிசெய்யும் திருகு. ஆலையில் சரிசெய்தபின் அதன் தலையில் ஒரு சொட்டு வண்ணம் வைத்து விடுவார்கள். அந்த வண்ணம் விரிசல் விட்டு உடைந்திருந்தால், யாரோ திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். நீங்களே சரிசெய்வதென்றால் இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, காந்தமேறாத திருப்புளியால், நிறுவனக் கேசட் ஓடும்போதே, ஒரு முறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் வைத்துக் கேட்டால் சரியான இடம் ஜால்ரா ஒலியில் பளிச்சென்று தெரியும். ஸ்டீரியோவில் அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. ஒரே கேசட்டை நம்பாமல் மூன்று நான்கு கேசட்டுகளில் பார்த்து நடுவான இடத்தில் நிறுத்துவது நல்லது, ஏனென்றால் மலிவுப் பதிப்புக் கேசட்டுகளே சில சமயம் கோணலாகப் பதியப்பட்டிருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொரு அறிகுறி, பாட்டுக்குப் பின்னால் புரியாத மொழியில் யாரோ முணுமுணுப்பதுபோலக் கேட்பது. கூர்ந்து கேட்டால் அது கேசட்டின் மறுபக்கம் பின்னோக்கி ஓடுவதுதான் என்று தெரியும். ஸ்டீரியோ கேசட்டில் இடத் தடம் நாடாவின் விளிம்பிலும் வலத் தடம் நடுவிலுமாக அமைந்திருப்பதால், இந்த முணுமுணுப்பு வலப் பக்க ஸ்பீக்கரில்தான் முதலில் கேட்கும். இங்கே தவறியிருப்பது ஹெட்டின் சாய்வன்று, உயரம். இதை அளவுகோல் இல்லாமல் வீட்டில் சரிசெய்ய முயலாதீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படிப்பது சரி, பதிவது மட்டும் சரியில்லை

நிறுவனக் கேசட் இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டு, நம் பதிவு மட்டும் கெட்டிருந்தால் மோட்டார், பெல்ட், ஹெட், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. இப்போது ஒரே கேள்விதான்: பழையது அழிகிறதா? தேவையில்லாத, சத்தமான பதிவுள்ள கேசட்டைப் போட்டு, பதிவு அளவைச் சுழியத்தில் வைத்து ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள்.

பழையது அழியவுமில்லை, புதிதாகப் பதிந்தது மெலிந்து உடைந்து கரகரக்கவும் செய்கிறது என்றால், டெக்கின் ஆசிலேட்டர் சுற்று வேலை செய்யவில்லை. அழிக்கும் ஹெட்டுக்கு மின்னோட்டம் தருவதும், பதியும் ஹெட்டில் பயஸ் எனப்படும் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைக் கலப்பதும் பெரும்பாலான டெக்குகளில் அந்த ஒரே சுற்றுதான். அதனால்தான் இரண்டு கோளாறும் கைகோத்து வருகின்றன. பழையது சுத்தமாக அழிந்து, புதியது மட்டும் பதியவில்லை என்றால் ஆசிலேட்டர் உயிரோடிருக்கிறது. ஒலிதான் ஹெட்டுக்குப் போய்ச் சேரவில்லை. பதிவின்போது மீட்டர் முள் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் மீட்டர் வரைக்கும் ஒலி வந்துவிட்டது, அதற்கு அப்பால் தேட வேண்டும். ஆடாவிட்டால் உள்ளீட்டுச் சாக்கெட்டிலிருந்து தேட வேண்டும். பழைய பாட்டு ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் மிச்சமிருந்தால் அழிக்கும் ஹெட்டில் அழுக்கோ உயரக் குறையோ இருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் பதியாத டெக்கில், படிக்கும்போது இரண்டு பக்கமும் கேட்கிறதென்றால், ஹெட்டை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே ஹெட் இரண்டு வேலையையும் செய்யும்போது, ஒன்றைச் செய்து மற்றதைச் செய்யாமலிருக்க அதற்குக் காரணமில்லை. நான் முதலில் சந்தேகிப்பது பதிவு–படிப்பு மாற்றும் நீண்ட நழுவு ஸ்விட்சைத்தான். சில டெக்குகளில் இதில் இருபதுக்கும் மேற்பட்ட தொடுமுனைகள் உண்டு. ஆண்டுக்கணக்காகப் பதியாமல் கிடந்தால் பதிவுப் பக்கத்து முனைகள் கறுத்துவிடும். பொத்தானை ஆட்டிக்கொண்டே அழுத்தும்போது ஒலி வந்து வந்து போனாலோ, படிக்கும்போது திடீரென்று ஊளையிட்டாலோ குற்றவாளி இதுவே. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தொடுமுனை துடைக்கும் ஸ்பிரேயை இரண்டு சொட்டு விட்டு, ஸ்விட்சை இருபது தடவை முன்னும் பின்னும் நகர்த்தி, அரை மணி நேரம் உலரவிட்டுச் சோதியுங்கள்.

பதிவு மங்கலாக மட்டும் இருக்கிறதென்றால் பயஸ் கூடியிருக்கலாம்; கூர்மையாகவும் கரகரப்பாகவும் இருந்தால் பயஸ் குறைந்திருக்கலாம். போர்டில் இதற்கான பிரீசெட் (அளவைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு) உண்டு. ஆனால் சாய்வைச் சரிபார்க்கும் முன் அதைத் தொடக் கூடாது. கோணலான ஹெட்டால் வந்த மங்கலைப் பயஸைக் குறைத்து ஈடுகட்டிய டெக்கை நான் பார்த்திருக்கிறேன். பிறகு ஹெட்டை நேராக்கியதும் எல்லாம் காதைக் கிழித்தது.

இரைச்சலும் வேகமும்

பழுதுபார்த்த பின் ‘உம்ம்’ என்ற ஓசை சேர்ந்திருந்தால், பாட்டில்லாத அந்த ஓசையைக் கணினியில் பதிந்து அதிர்வெண்ணைப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஓசை 50 ஹெர்ட்ஸில் மேலோங்கியிருந்தால் எங்கோ மண் இணைப்பு அல்லது வயர்களின் வலைக் கவசம் விட்டுப்போயிருக்கிறது. 100 ஹெர்ட்ஸில் இருந்தால் மின்வழங்கியின் வடிகட்டு மின்தேக்கியைச் சந்தேகிக்க வேண்டும். ஹெட் மாற்றி வந்த என்னுடைய டெக் ஒன்றில், கதவைத் திறந்து ஹெட்டின் உலோக உறையை விரலால் தொட்டதும் ஓசை மாறியது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஹெட்டுக்குப் போகும் வயரின் செம்பு வலை ஈயம் வைக்கப்படாமல், ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பில் பத்திரமாகச் சுற்றிக் கிடந்தது. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்விட்ச் பக்கமெல்லாம் 230 வோல்ட் என்பதால், மூடியைத் திறந்த டெக்கில் இப்படி விரல் வைத்துப் பார்க்கும் விளையாட்டு கூடவே கூடாது.

வேகம் தவறினால் நம் காது சுருதியில் கண்டுகொள்ளும். சுமார் 6 விழுக்காடு கூடினால் ஒரு கட்டை ஒன்றரைக் கட்டையாகிவிடும். 3150 ஹெர்ட்ஸ் சோதனை நாடா கிடைத்தால் அதை ஓடவிட்டுக் கணினியில் அளக்கலாம். 3120க்கும் 3180க்கும் இடையில் நின்றால் வீட்டுப் பயன்பாட்டுக்குக் குறையில்லை. வேகம் நிலையாகத் தவறியிருந்தால் மோட்டாரின் பிரீசெட்டைச் சரிசெய்ய வேண்டும். ஒலி ஏறி இறங்கி அலைபாய்ந்தால் அதில் கைவைத்துப் பயனில்லை: புதிய பெல்ட் முறுக்கி மாட்டப்பட்டிருக்கும், அளவு மாறியிருக்கும், அல்லது உருகிப்போன பழைய பெல்ட்டின் தார் போன்ற கசடு கப்பியின் பள்ளத்தில் மிச்சமிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும்.

உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் இவ்வளவு தூரம் போகாமல், கேட்டறிந்ததை ஒரு தாளில் எழுதி, கேசட்டுகளையும் சேர்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ‘சரியா ரெக்கார்ட் ஆகலைங்க’ என்பதைவிட, ‘பழையது அழியுது, மீட்டர் ஆடுது, வலப் பக்கம் மட்டும் பதியலை’ என்று சொன்னால் மெக்கானிக்குக்கு அரை நாள் வேலை மிச்சம். டெக் சரியாகி வந்ததும், அதில் ஐந்து நிமிடம் நல்ல பதிவு ஒன்றைச் செய்து, வேறு டெக்கிலும் கேட்டு உறுதிசெய்து, தேதியை எழுதி, பின்விளிம்புத் தகட்டை உடைத்து வைத்துவிடுங்கள். அடுத்த தடவை டெக் பட்டறைக்குப் போய்வரும்போது ஒப்பிட்டுக் கேட்க அந்தக் கேசட் வேண்டியிருக்கும்.